பச்சைப் பட்டை கட்டிய வெள்ளிக்கிழமை

சென்னையில் கல்யாணமான பெண்களில் பாதிப் பேருக்கு முகூர்த்தப் புடவை எடுத்துக் கொடுத்தவள் மதுமதி. அந்த மதுமதியைத் தியாகராய நகரில் வேலைக்குச் சேர்த்துவிட்டவள் நான். ஆகவே இந்த ஊரின் பாதி மணமேடைகள் என்னால்தான் ஜொலிக்கின்றன என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். கொஞ்சம் மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். பாதிச் சென்னை என்பது மயிலாப்பூர் மாட வீதிகளும் மந்தைவெளியில் சில தெருக்களும். சேர்த்துவிட்டேன் என்பது, “அங்கே ஆள் எடுக்கறாளாம், போய்ப் பாரேண்டி” என்று ஒரு வார்த்தை சொன்னது. அதற்கு மேல் நான் செய்தது ஒன்றுமில்லை. ஆனால் அவளுடைய கையைப் பற்றி நான் சொல்லப்போவதில் மிகை கிடையாது.

மதுமதியின் அம்மா சாந்தோம் பக்கத்துக் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பில் இருந்துகொண்டு புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பவள். வாராவாரம் எங்கள் தெருவுக்கு வந்து புடவைகளை வாங்கிப் போவாள். கூட வரும் மதுமதி, அம்மா மூட்டை கட்டி முடிப்பதற்குள் ஒவ்வொன்றையும் பிரித்து, தோளில் போட்டு, எங்கள் கூடத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடுவாள். பழைய மடிப்பின் மேலேயே புது மடிப்பு விழும். யாரும் தொட்ட சுவடே இருக்காது.

அந்தக் கைதான் அவளைப் பட்டு மாடிக்குக் கொண்டுபோயிற்று. கடையின் பெயர் வேண்டாம். நான் இன்னும் அங்கேதான் புடவை எடுக்கிறேன். நாலு மாடி. கீழே சுடிதாரும் துண்டும், நடுவில் மற்றவை, உச்சியில் பட்டு. பட்டு மாடியில் ஆளுயரக் கண்ணாடி, அதன் முன்னால் ஒரு சாண் உயரத்தில் சின்ன மேடை. கல்யாணப் பெண்ணை அதில் ஏற்றி, போட்டிருக்கும் சுடிதாரின் மேலேயே கொசுவம் வைத்து, முந்தானையை விசிறி, “இப்ப பாரும்மா” என்று மதுமதி விலகி நிற்பாள். என்ன வேண்டுமென்று வந்தவர்கள் சொல்வதை அவள் பெரிதாகக் காதில் வாங்குவதில்லை. பெண் அம்மாவைப் பார்க்கிறாளா, மாமியாரைப் பார்க்கிறாளா என்று மட்டும் கவனிப்பாள். அதற்கேற்ற புடவை அலமாரியிலிருந்து இறங்கும். வெளியூரிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள்கூட, “மதுமதி இருக்காங்களா?” என்று போனில் கேட்டுவிட்டுத்தான் கடைக்கு வருவார்கள். (விமானம் என்று நான் சொல்வது ஒரு முறை நடந்தது.)

இத்தனையும் நின்றுகொண்டு. காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு விளக்கு அணையும்வரை நிற்க வேண்டும். அவள் கால்களில் நரம்பு பச்சைப்பாம்பு போலப் புடைத்திருக்கும். வேலை செய்கிறவர்கள் உட்காரக் கடைக்காரர்கள் ஏதாவது போட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்த பிறகு, ஸ்டூல்கள் வந்தன. கவுன்டருக்கு அடியில் அவை பத்திரமாக இருந்தன. யாராவது ஒருத்தி இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், மாடி சூப்பர்வைசர் சக்திவேல் வந்து பக்கத்தில் நிற்பார். திட்டமாட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்தவர். “கஸ்டமர் வாராவ பாரு” என்பார், யாருமே வராவிட்டாலும். அவள் எழுந்துவிடுவாள்.

அப்படியிருக்கும்போதுதான் கடைக்கு ‘நலமே பலம்’ வந்தது. ஊழியர் நலத் திட்டம். கொண்டுவந்தவள் வேறு யாருமில்லை, என் தங்கையின் பேத்தி ஹம்சா. அடையாறில் நாலு பேர் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்துகிறார்கள். அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் போய், வேலை செய்கிறவர்களின் உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்வதுதான் தொழில். கெட்டிக்காரி. நல்ல மனசு. என் வீட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “பாட்டி, சிக்னேச்சர் ஆயிடுத்து! முதல் ஜவுளிக் கடை!” என்று அவள் குதித்தபோது நானும் குதித்தேன். என் முழங்கால் அதை இன்னும் மறக்கவில்லை.

கடை முதலாளி கருணாகரன். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரையால் காலை எடுத்தார்கள். அந்தக் காலோடு அந்த அம்மாளின் உயிரும் போனது. “எங்கம்மைக்கு முன்னாடியே ஒருத்தன் ஊசி குத்திப் பாத்துச் சொல்லியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பா. என் கடைப் பிள்ளையளுக்கு அது வரக்கூடாது” என்று ஹம்சாவிடம் சொன்னாராம். சொல்லும்போது கண் கலங்கியதாம். ஹம்சா கதை கட்டுகிறவள் அல்ல. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் என்னோடு நின்றுவிட்டது.

நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலையில் சுண்டல் கொடுத்தார்கள், கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தார்கள். வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓடிவரும் பெண்கள் முதல்முறையாக வயிற்றில் ஏதோ போட்டுக்கொண்டு நின்றார்கள். முதல் முகாமில்தான் மதுமதிக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. தலை சுற்றுவதும் நாக்கு வறள்வதும் நிற்பதால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகாம் வந்திருக்காவிட்டால் கண்ணோ சிறுநீரகமோ போன பிறகுதான் தெரிந்திருக்கும். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

மற்றதையும் சொல்ல வேண்டும். யோகாவுக்காகக் கடை திறப்பதற்கு முன்னாலேயே வர வேண்டும். அதற்கு நாலரை மணிக்கு எழுந்து வீட்டுக்குச் சமைக்க வேண்டும். உட்கார இடம் கேட்டவர்களுக்கு ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனம் கற்றுக்கொடுத்தார்கள். எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்து, இந்த மணிக்கு இந்தக் கோடுவரை குடித்திருக்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கடை குடித்த தண்ணீரைத் தேக்கியிருந்தால் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியிருக்கும். ஆனால் கழிப்பறைக்குப் போக அதே பழைய இரண்டு இடைவேளைதான். பெண்கள் பாட்டில் தண்ணீரைச் செடித்தொட்டிகளில் ஊற்றினார்கள். பிளாஸ்டிக் செடிகள். மூன்றாம் நாள் தரை நனைந்து மாட்டிக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் சிகரம் சிரிப்புப் பயிற்சி. கைகளைத் தூக்கி “ஹா ஹா ஹோ” என்று சிரிக்க வேண்டும். மன அழுத்தம் போகுமாம். முதல் நாள் பனகல் பார்க் புறாக்களெல்லாம் கூட்டமாக எழும்பிப் பறந்து சைதாப்பேட்டையில் போய் இறங்கின என்று நான் சொல்வதுண்டு. சக்திவேல் முன்னால் நின்று யார் சிரிக்கவில்லை என்று பார்ப்பார்.

“ஏம்மா மதுமதி, வாய தொறந்து சிரிக்கணும்லா?”

“நீ மொறச்சிகினு நின்னா எப்படிண்ணா சிரிப்பு வரும்?” என்றாளாம் மதுமதி. அதற்குத்தான் எல்லோரும் உண்மையாகச் சிரித்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பட்டை அப்படியல்ல.

முகாமில் என்ன தெரிந்தாலும் அது அந்தப் பெண்ணுக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான் என்று ஹம்சா முதல் நாளே மேடை போட்டுச் சொல்லியிருந்தாள். நம்பித்தான் எல்லோரும் விரல் நீட்டினார்கள். அண்ணாச்சிக்கு அது போதவில்லை. “யாருக்கு முடியலன்னு எனக்குத் தெரியாண்டாமா? ஒருத்தி ஒருத்தியா கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? பாத்தா தெரியணும்” என்றார். ஆகவே கையில் ரப்பர் பட்டை வந்தது. சரியாக இருந்தால் பச்சை. கவனிக்க வேண்டியவர்களுக்கு மஞ்சள். மோசமானவர்களுக்குச் சிவப்பு. சிவப்புக் கட்டியவர்களை இலகுவான வேலைக்கு மாற்றிவிடுவார்கள். இலகுவான வேலை என்றால் தரைக்கு அடியில் இருக்கும் பேக்கிங் அறை.

“என்னடி ஹம்சா இது, சொல்ல மாட்டேன்னுட்டு கையிலயே கட்டி அனுப்பறே?” என்று கேட்டேன்.

“பேர் இல்ல, வியாதி இல்ல, வெறும் கலர்தானே பாட்டி” என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. காபி டம்ளரைப் பார்த்துச் சொன்னாள்.

மதுமதிக்கு மஞ்சள். அவள் அதை வளையல்களுக்கு நடுவே ஒளித்துக் கட்டிக்கொண்டாள். அடுத்த முகாம் ஆடியில் என்று சொன்னார்கள். அதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் சிவப்பு. கீழே போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை. பேக்கிங் அறையில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த ஒருவர் இருந்தார், அக்பர் பாஷா. ஆண்கள் பகுதியில் பட்டு வேட்டி விற்றவர், ரத்த அழுத்தத்தால் இறக்கப்பட்டவர். அவரைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டு வந்த அன்று மதுமதி என் வீட்டுக்கு வந்தாள்.

“மாமி, மாத்திரை துன்றேன், அரிசி வுட்டுட்டேன், இன்னும் இன்னா பண்ணணும் சொல்லுங்க. என்னை கீழ அனுப்பிட்டாங்கன்னா நான் செத்துடுவேன்.”

“ஒரு ஸ்டூல்ல உக்காந்து வேலை செஞ்சா நல்லதுதானேடி? காலாவது தேறுமே.”

“அங்க கண்ணாடி இல்ல மாமி” என்றாள்.

கண்ணாடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. மேடையில் ஒரு பெண் தன்னைத்தானே பார்த்து மூச்சை இழுத்துக்கொள்ளும் அந்த ஒரு நொடிக்காகத்தான் மதுமதி மற்ற நேரமெல்லாம் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பட்டு மாடியில் விற்பனைக்கு இவ்வளவு என்று கமிஷனும் உண்டு. அதுவும் போய்விடும். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

ஆடி வந்தது. ஆடித் தள்ளுபடியில் தியாகராய நகர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரங்கநாதன் தெருவில் ஒரு முனையில் காலைத் தூக்கினால் மறுமுனையில்தான் வைக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே முகாமை வைத்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும், ஆகவே வெள்ளிக்கிழமை காலை என்று தீர்மானித்தார்கள். ஆடி வெள்ளி. அன்றைக்கு எப்படியும் பாதிப் பெண்கள் விரதம், தனியாகப் பட்டினி போடச் சொல்ல வேண்டாம் என்று ஹம்சா கணக்குப் போட்டாள். புத்திசாலித்தனம்தான். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

மதுமதி முண்டகக்கண்ணி அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் கூழ் ஊற்றும்வரை பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதையும் வைக்கமாட்டாள். அவள் கணக்கு வேறாக இருந்தது. வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்தே சாப்பாட்டை நிறுத்தினாள். இரவு மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டாள். விடியற்காலையில் மறுபடி இரட்டிப்பு. மாத்திரை சர்க்கரையைக் குறைக்கும், பட்டினியும் குறைக்கும், அம்மனும் கைவிடமாட்டாள். மூன்றும் சேர்ந்தால் பச்சை வராமல் எங்கே போகும்? யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி சாதமாவது ஊட்டியிருப்பேன்.

பச்சை வந்தது.

நர்ஸ் பட்டையைக் கட்டிவிட்டபோது மதுமதி அந்த நர்ஸின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். “சூப்பர் மதுமதி! பாத்தீங்களா, டயட் இருந்தா எவ்வளவு சேஞ்ச்!” என்று ஹம்சா எல்லோர் முன்னாலும் கைதட்ட வைத்தாள். போட்டோ எடுத்தார்கள். மற்றவர்கள் கஞ்சி குடிக்கப் போனார்கள். மதுமதி விரதம் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். ஆடி வெள்ளியில் கஞ்சி மறுத்த ஒருத்தியை யார் கேள்வி கேட்பார்கள்?

மத்தியானத்துக்கு முன்னால் விருகம்பாக்கத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. மணப்பெண், அவள் அம்மா, வருங்கால மாமியார், இரண்டு சித்திகள். சித்திகளுக்குள் நிறத்தில் சண்டை. மதுமதி ஒரு அரக்குப் புடவையை இறக்கினாள். பெண்ணை மேடையில் ஏற்றினாள். கொசுவம் வைக்கும்போதே அவள் விரல்கள் நடுங்கியதைப் பெண் பார்த்திருக்கிறாள். வேர்வை முழங்கையிலிருந்து சொட்டி, புடவையில் விழக்கூடாதே என்று அவள் கையை விலக்கி விலக்கி மடித்திருக்கிறாள். ஏசி அங்கே குளிர் நடுக்கும்.

“அக்கா, உங்களுக்கு என்ன பண்ணுது?”

“ஒண்ணும் இல்லம்மா. நீ கண்ணாடிய பாரு” என்றாள் மதுமதி. முந்தானையை விசிறினாள். அப்படியே மேடைக்குப் பக்கத்திலேயே பின்பக்கமாகச் சாய்ந்தாள்.

முந்தானை அவள் கையில் இருந்தது, விடவில்லை. அவளோடு சேர்ந்து ஆறு கெஜமும் அருவி போல இறங்கி அவளை மூடிவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

முகாமின் நர்ஸ் கீழே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை தரை தட்டிவிட்டிருந்தது. மணிக்கட்டில் பச்சைப் பட்டை. குளுக்கோஸைக் கரைத்து வாயருகே கொண்டுபோனால், அரை மயக்கத்திலும் மதுமதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“கூழு… கூழு ஊத்தல இன்னும்…”

நர்ஸ் கெஞ்சினாள். ஹம்சா அழுதுகொண்டே, “ப்ளீஸ் மதுமதி, வாயைத் திறங்கோ” என்றாள். மணப்பெண்ணின் மாமியார் அபசகுனம் என்று முணுமுணுத்தார். சக்திவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவர் கீழே உட்கார்ந்து அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை.

“ஏ மதுமதி! ஆத்தா வந்து கேட்டா சக்திவேல்தான் கொடுத்தாம்னு சொல்லு. பாவம் எனக்கு வரட்டும். குடிச்சிருடி தாயி, குடிச்சிரு!” என்று அவள் கன்னத்தை அழுத்திப் பிடித்து ஊற்றினார். பாதி அவர் சட்டையில். பாதி உள்ளே போயிற்று. அதில் அவள் பிழைத்தாள்.

அந்த நர்ஸ் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பட்டை இல்லாவிட்டால் அவள் விழுந்தே இருக்கமாட்டாளே என்றும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே மூட்டையில் வந்தன.

மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து வந்தாள். சிவப்புப் பட்டை காத்திருந்தது. யாரும் கோபிக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது. அண்ணாச்சி ஆர்லிக்ஸ் பாட்டில் அனுப்பினார்.

ஹம்சா அவரிடம் போய் மன்றாடினாள். பட்டையையே எடுத்துவிடலாம், ஆளை இறக்க வேண்டாம், மேலேயே உட்கார வைத்து வேலை வாங்கலாம் என்றாள்.

“பாப்பா, நீ படிச்ச பிள்ள. நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. நாளைக்கு அவ என் மாடியில விழுந்து செத்துப்போனா? அவ பிள்ளைக்கு யாரு பதில் சொல்லுவா, நீயா? பச்சை கட்டினதுக்கே இப்படி விழுந்தா. செவப்பக் கட்டிக்கிட்டு மேல நிக்க விட்டா ஊரு என்னைத் தூத்தாதா? நான் அவளை அனுப்பலியே, உக்காத்தி வச்சிருக்கேன். எங்கம்மைக்கு இப்படி ஒரு நாற்காலி கெடச்சிருந்தா…” என்றாராம். ஹம்சா திரும்பி வந்துவிட்டாள். அன்று என் கட்டிலில் படுத்துக்கொண்டு, “மெடிக்கலா அவர் சொல்றதுதான் கரெக்ட் பாட்டி. அதான் எனக்குப் பிடிக்கலை” என்றாள்.

நான் ஒரு ரவிக்கைத் துணி வாங்குகிற சாக்கில் கடைக்குப் போய், வழி தவறியது போலப் படியிறங்கி பேக்கிங் அறைக்குப் போனேன். வயசானவளை யார் தடுப்பார்கள்? ஜன்னல் கிடையாது. பாச்சை உருண்டை வாசனை. மதுமதி ஒரு முதுகு வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, மேலிருந்து வந்த புடவைகளை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே அக்பர் பாஷா பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா, வாங்க” என்றார் பாஷா. “பாதாள லோகம். இங்க வெயில் கெடையாது, மழை கெடையாது, கஸ்டமர் கெடையாது. எங்க ரெண்டு பேருக்கும் பிரசரு, சுகரு எல்லாம் சூப்பரா கீது. அடுத்த கேம்ப்ல எங்களத்தான் போட்டோ எடுப்பாங்க.”

மதுமதி சிரித்தாள். புடவையை உயர்த்தித் தன் கணுக்காலைக் காட்டினாள். “பாருங்க மாமி. வீக்கமே இல்ல. நரம்புகூட உள்ள பூடுச்சி.” உண்மைதான். பல வருஷத்துக்குப் பிறகு அந்தக் கால் கால் போல இருந்தது. பிறகு அவள் குரல் தாழ்ந்தது. “லிப்டு வழியா மேல பேசறது இங்க கேக்கும் மாமி. ‘மதுமதி இல்லியா’ன்னு கேக்கறாங்க. லீவுன்னு சொல்றாங்க. நான் இங்கதான் கீறேன்னு கத்தணும் போல கீது.”

“கத்தேண்டி. தொண்டைக்கு நல்லது. சிரிப்புப் பயிற்சி மாதிரி.”

அவள் அடுத்த புடவையை எடுத்தாள். பெட்டியில் புடவையை வைக்கும்போது முந்தானைப் பக்கம் மேலே வரும்படித் திருப்பிவைத்தாள். திறப்பவர்களுக்கு முதலில் அது தெரிய வேண்டுமாம்.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசி பிறந்தது. இனி நடந்ததை இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்:

விருகம்பாக்கத்துப் பெண் திரும்பி வந்தாள். அபசகுனம் என்று முணுமுணுத்த மாமியாரையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். முகூர்த்தப் புடவை எடுத்தாயிற்று, ஆனால் வேறு யார் கையாலும் கட்டிப் பார்க்கமாட்டேன் என்று மேடையில் ஏறி நின்றுகொண்டாள். சக்திவேல் கெஞ்சினார். மற்றப் பெண்கள் வந்தார்கள். அவள் அசையவில்லை. சேதி அண்ணாச்சிக்குப் போயிற்று. அவர் தம் அறையிலிருந்து எழுந்து, லிஃப்டில் ஏறி, கடை கட்டிய நாளிலிருந்து காலடி வைக்காத பேக்கிங் அறைக்குத் தாமே இறங்கிவந்தார். “வாம்மா மதுமதி. உன் மாடிக்கு வா” என்றார். தம் கையாலேயே அந்தச் சிவப்புப் பட்டையைக் கழற்றினார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை அக்பர் பாஷா தலையில் சுமந்துகொண்டு பின்னால் வர, மதுமதி பட்டு மாடிக்கு ஏறினாள். கண்ணாடி முன்னால் அந்த நாற்காலி போடப்பட்டது. மாடியே கைதட்டியது. புறாக்கள் இந்த முறை எழும்பவில்லை.

இதுவரை எழுதி, நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசித்துக் காட்டினேன். கேட்டவர்கள் இரண்டு பேர். வீட்டுக்கு வந்திருந்த ஹம்சா. அவள் எதிரில், ரவை உப்புமாவை மடியில் வைத்துக்கொண்டு மதுமதி. இப்போதெல்லாம் அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். வாசித்து முடித்ததும் ஹம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதுமதி தட்டைக் கீழே வைத்தாள்.

“ஸோக்கா கீது மாமி. கைதட்டறதெல்லாம் சூப்பரு. ஆனா அண்ணாச்சி எங்க வந்தாரு? அவரு வரவே இல்ல.”

“கதைக்குக் கொஞ்சம்…” என்று ஆரம்பித்தேன்.

“இருங்க மாமி. அந்தப் பொண்ணு வந்தது நெஜம். அதுவாத்தான் கீழ எறங்கி வந்துச்சி, ஒண்டியா. அன்னிக்கி நான் சாஞ்சப்போ முந்தானைய வுட்டுட்டேன் மாமி, அது பாட்டுக்குத் தரையில கெடந்துச்சி. என் தலை தரையில படாம புடிச்சதே அந்தப் பொண்ணுதான். ‘அக்கா, ஒரு தபா வந்து கட்டிவுடுங்க’ன்னுச்சி. நான் எழுந்து போனேன். யாரையும் கேக்கல. பட்டை கையிலதான் இருந்துச்சி, யாரும் கயட்டல. சக்திவேல் அண்ணன் பாத்தாரு. அந்தாண்ட திரும்பி பில்லு பாக்கறா மாதிரி நின்னுகினாரு. கட்டிவுட்டேன். அப்பால அடுத்த பார்ட்டி வந்துச்சி, அப்பால இன்னொண்ணு. மறுநாளும் மேல போனேன். எறங்குன்னு யாரும் சொல்லல. வான்னும் யாரும் சொல்லல.”

“அதுதானேடி, மனசு இளகித்தானே விட்டிருக்கா?”

“மனசா?” மதுமதி சிரித்தாள். “தீபாவளி மாமி. ஐப்பசில கூட்டத்த பாத்தீங்களா? பட்டு மாடில கை தெரிஞ்ச ஆளு பத்தல. அதான் அண்ணாச்சிக்கும் கண்ணு தெரியல. தீபாவளி முடிஞ்ச மறுவாரம் கேம்ப் வெச்சிக்கீறாங்க. அன்னிக்கி எல்லாருக்கும் எல்லாம் தெரியும், என் செவப்புப் பட்டையுங்கூட. நான் பொய்யா எழுதறீங்கன்னு சொல்லல. தேதி ஹம்சா பாப்பாதான் குடுத்துச்சி, கேட்டு எழுதிக்குங்க.”